மேட்டைப் பிடிக்கும் வேர்

எங்கள் மகனை மண்ணில் வைத்த நாளிலிருந்து என் மனைவி ஒரே விஷயத்தில் பிடிவாதமாக இருந்தாள். அவன் மேல் சிமெண்ட் போடக் கூடாது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் வந்த கையோடு ஒரு யோசனையும் கொண்டுவந்தார்கள். டைல்ஸ் ஒட்டலாம், கருங்கல் போடலாம், தலைமாட்டில் ஒரு தேவதூதன் வைக்கலாம். எல்லோரும் போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அவன் மேல வுழுந்தது போதும். இன்னும் ஒரு கனத்த நாம தூக்கி வெக்கணுமா?"

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி யார்டில் அவன் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தான். கிரேனில் போன கம்பிக் கட்டு சரிந்து அவன் மேல் விழுந்தது. அந்த நேரத்தில் நான் பக்கத்து ரோட்டில் இன்னொரு கம்பெனி கேட்டில் நின்றிருந்தேன். ராணுவத்திலிருந்து வந்தவனுக்கு இந்தப் பக்கம் கிடைக்கிற வேலை அதுதான், நீல யூனிஃபார்மும் ஒரு விசிலும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு, குறுக்கே நின்ற லாரிக்காரனை ஒதுங்கச் சொல்லி சண்டை போட்டேன். வண்டி என்னைத் தாண்டிப் போனது. உள்ளே யார் என்று எனக்குத் தெரியாது. வழி விட்டதற்கு டிரைவர் கையைக் காட்டிவிட்டுப் போனார். அந்தக் கை இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கல்லறைத் தோட்டம் ஊருக்குக் கிழக்கே, ரயில் பாதையைத் தாண்டி இருக்கிறது. எங்களுக்கு முன்னால் போன சனம் எல்லாம் ஏர் உழவும் நடவு நடவும் கூலிக்குப் போனவர்கள். அவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள், எங்கே என்றுதான் தெரியாது. மண்ணால் குவித்த மேடு மழையில் கரைந்து தரையோடு தரையானால், சில வருஷம் கழித்து அதே இடத்தில் வேறு ஒருவருக்குக் குழி வெட்டுவார்கள். இடம் குறைவு, சாகிறவர்கள் அதிகம். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் என் பிள்ளை இருக்கிற இடத்தில் கடப்பாறை விழுந்துவிடுமோ என்று எனக்குப் பயம். சிமெண்ட் போட்டால் அந்தப் பயம் இல்லை. அவள் அதற்கு ஒப்பவில்லை. ஆக, மண் மேடாகவே இருக்க வேண்டும், மேடு கரையவும் கூடாது. எங்கள் இரண்டு பேருக்கும் மிச்சமிருந்த கவலை அது ஒன்றுதான்.

முதல் ஐப்பசி மழையிலேயே பாதி மேடு போய்விட்டது. அந்த மண்ணுக்குப் பிடிப்பு கிடையாது. மேலே மணல், கீழே களி. நடுவில் தண்ணீர் புகுந்தால் அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கும். மழை விட்ட ஒவ்வொரு தடவையும் அவள் மண் அள்ளுகிற இரும்புப் பாண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போவாள். கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிற வேலை அவளுக்கு. அதை முடித்துவிட்டு நேராக அங்கே போய், வழிந்த மண்ணை அள்ளி, மறுபடியும் அவன் மேல் போட்டுத் தட்டிவிட்டு வருவாள். சின்ன வயதில் அவனுக்கு முதுகில் தட்டித் தூங்க வைத்தவள். அதே கையால் மேட்டைத் தட்டுவதை ஒரு நாள் தூரத்தில் நின்று பார்த்தேன். பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

விபத்து கேஸ் விஷயமாகத் திருவள்ளூர் கோர்ட்டுக்கு அடிக்கடி போகவேண்டி இருந்தது. போவதும் வாய்தா வாங்கித் திரும்புவதும்தான் வேலை. அப்படி ஒரு நாள் திரும்பும்போது திருநின்றவூரில் இறங்கினேன். என்னோடு ஒரே ரெஜிமெண்டில் இருந்த பையன் ஒருவன் லீவில் வந்திருந்தான். பையன் என்றால் இப்போது அவனுக்கே பெண் காலேஜுக்குப் போகிறாள். நாங்கள் வடக்கே, மேலே பனி மலையில் காவலுக்கு ஒன்றாக இருந்தபோது அவன் பையன். இன்னும் அதே மலைப் பக்கம்தான் போஸ்டிங். அவன் என் மகனைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அதற்காகவே அவனை எனக்குப் பிடித்தது. நானாகத்தான் மேடு கரைகிற கதையைச் சொன்னேன்.

"அங்க கீழ கிராமத்துல பார்த்தோமே அண்ணா, கல்லறை மேல நட்டிருப்பாங்களே, தாடிப் பூ" என்றான்.

எனக்குச் சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்தது. எங்கள் போஸ்டுக்கு மேலே மரமே கிடையாது, வெறும் புல் சரிவு. பனி உருகியதும் புல் எழும்பும். அந்தப் புல்லுக்குள் முழங்காலுக்கும் கீழே ஊதாப் பூக்கள் தானாகவே முளைத்து நிற்கும். மூன்று இதழ் மேலே நிமிர்ந்திருக்கும், மூன்று இதழ் கீழே மடங்கித் தொங்கும். தொங்குகிற இதழின் நடுவில் ஒரு கோடு மயிர், நுனி மட்டும் மஞ்சள். ஐரிஸ் என்று ஆபீசர் சொன்னார். நாங்கள் தாடிப் பூ என்போம். நாங்கள் ஒரு நாள் ஷேவ் செய்யாவிட்டாலும் வசவு விழும். அது மட்டும் தாடியோடு நிற்கிறது என்று கிண்டல் செய்வோம். கீழே கிராமத்தில், கல்லறை மேடுகளின் மேல், அதே ஜாதியில் வேறு பூ ஒன்றை நட்டு வைத்திருந்தார்கள், கொஞ்சம் உயரமாக, வெள்ளையாக. அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே கடை வைத்திருந்தவர்தான் சொன்னார், பனி உருகித் தண்ணீர் ஓடும்போது மண் போகாமல் வேர் பிடித்துக்கொள்ளும் என்று. அப்போது அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். யாருடைய மண்ணோ, எனக்கென்ன.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். குளிர் ஊர்ச் செடி, இங்கே பனி கிடையாது, பூக்கவே பூக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"பூ யாருக்கு வேணும்? புடிச்சிக்கினா போதும்" என்றாள்.

மகன் போன பிறகு அவள் எதையாவது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பையனுக்கு போன் செய்தேன். அடுத்த லீவில், ஆவணி கடைசியில், கிழங்கு வந்து சேர்ந்தது. மேலே புல்வெளியில் தோண்டி, நியூஸ்பேப்பரில் சுற்றி, ரயிலில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். பார்ப்பதற்குக் காய்ந்துபோன இஞ்சி மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இஞ்சி என்ன விலை என்று கேட்டாள்.

"அண்ணா, பொதைச்சிடாதீங்க. முதுகு மண்ணுக்கு மேல தெரியணும். வெயில் படணும். தண்ணி அதிகம் வாணாம்" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் சொன்னபடியே மேட்டைச் சுற்றிலும் நட்டேன். முதுகு தெரிய, வேர் மட்டும் மண்ணுக்குள் இருக்கும்படி. பிறகு எனக்கு டபுள் டியூட்டி வந்துவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் அவள்தான் போனாள். மஞ்சளும் சேம்பும் வாழையும் நட்டுப் பழகிய கை அது. எங்கள் பக்கம் கிழங்கு என்றால் மண்ணால் மூட வேண்டும், தினமும் தண்ணீர் காட்ட வேண்டும். முதுகு காயக் காய ஒன்றை வெயிலில் விட்டுவிட்டு வர அவளால் முடியவில்லை. ஒவ்வொன்றாக மண் போட்டு மூடியிருக்கிறாள். போத்தலில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறாள். போகிற வழியில் சாணம் கிடந்தால் அதையும் விடவில்லை.

அந்த வருஷக் கல்லறைத் திருநாள் வந்தபோது மேட்டில் ஒன்றும் வெளியே தெரியவில்லை. எல்லாம் மண்ணுக்குள் கிடந்தது. மெழுகுவத்தி ஏற்றி, செவ்வந்திப் பூ வைத்துவிட்டு வந்தோம். அதன் பிறகு மழை பிடித்தது. மழை விட்டுப் போய்ப் பார்த்தபோது ஒரு நாற்றம் வந்தது. தோண்டினேன். கிழங்கு விரலோடு கூழாக வந்தது. அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"ஒவ்வொண்ணுத்துக்கும் நல்லதுதான்யா செஞ்சேன்" என்றாள்.

எனக்குக் கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. மழை மேல் இருந்தது. செடி மேல் இருந்தது, இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததைத் தாங்கத் தெரியாத செடி என்ன செடி என்று. கூழை வழித்து எறிந்தேன். தெற்குப் பக்கம் கொஞ்சம் சரிவு அதிகம், தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். அந்தப் பக்கம் இருந்தவை மட்டும் கெட்டியாக இருந்தன. மண்ணை விலக்கி முதுகை வெளியே காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்கழியில் அவற்றிலிருந்து இலை வந்தது. பட்டை இலை, கத்தி போல ஒன்றுக்குள் ஒன்று செருகி, விசிறியாக விரிந்தது. எனக்கு நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். நம்பிக்கையெல்லாம் எங்களை விட்டுப் போய் நாளாகிவிட்டது. ஆனால் தெற்குப் பக்கத்து மண் கரையாமல் நின்றது. மற்ற பக்கம் எல்லாம் சரிந்திருக்க, அங்கே மட்டும் நாங்கள் வைத்த மாதிரியே இருந்தது. அவள் அந்த இடத்தில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"இங்க புடிச்சிக்கிச்சு" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பல மாதத்துக்குப் பிறகு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கோடை பெரும்பாடு. இந்தப் பக்கம் வெயிலோடு கம்பெனிக் கரியும் சேர்ந்து விழும். மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் கறுப்புப் பொடியோடுதான் எடுக்க வேண்டும். இலை எல்லாம் கரி படிந்து கிடக்கும். அவள் முந்தானையை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். அக்னி நட்சத்திரத்தில் இலை நுனி எல்லாம் கருகியது. நான் நாலு கழி நட்டு மேலே சாக்கு கட்டினேன். சாக்கை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். மறுபடியும் கட்டினேன். கல்லறையில் இருக்கிற சாக்கையும் எடுக்கிற ஊர் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள்தான், யாருக்கு என்ன தேவையோ, விடு என்றாள். பூ என்று ஒன்று அந்த வருஷம் எட்டியும் பார்க்கவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

ஆடி, ஆவணி மழைக்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் புது விசிறிகள் வந்தன. தெற்கிலிருந்து சுற்றிக்கொண்டு கால்மாடு வரைக்கும் வந்துவிட்டது. கிழங்கு ஒன்றோடு ஒன்று பின்னி, மேட்டின் ஓரம் முழுக்கக் கட்டுப் போட்டது மாதிரி ஆனது. இனி எந்த ஐப்பசிக்கும் பயப்பட வேண்டாம் என்று அவள் சொன்னாள். பூ இல்லாத தாடிப் பூ, தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கோரைப்புல் மாதிரிதான் இருக்கும். அது எங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து அவரவர் கல்லறையைச் சுத்தம் செய்வார்கள். புல் வெட்டி, மண் சேர்த்து, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் வரவில்லை என்றால் அதையும் சேர்த்துச் செய்துவிட்டுப் போவார்கள். யாரும் கேட்டுச் செய்வதில்லை, சொல்லிக் காட்டுவதும் இல்லை. எங்கள் ஆட்களிடம் எனக்குப் பிடித்த நல்ல குணங்களில் அது ஒன்று. கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று ஒரு கல்லறையைப் பற்றியும் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைப்பார்கள்.

அந்த ஞாயிறு எங்களால் போக முடியவில்லை. அவளுக்கு விஷக் காய்ச்சல், மூட்டு மூட்டாக வலி, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். திருநாள் அன்றைக்குத்தான் எழுந்து நடந்தாள். ஆட்டோ வைத்து அழைத்துக்கொண்டு போனேன். கேட்டுக்கு உள்ளே கூட்டம், ஊதுவத்திப் புகை, மைக்கில் ஜெபம். எங்கள் வரிசைக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

மேடு மொட்டையாக இருந்தது. புது மண் போட்டு, சதுரமாகச் செதுக்கி, மேலே தண்ணீர் தெளித்து மெழுகி இருந்தது. மரச் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. நடுவில் செவ்வந்திப் பூவால் ஒரு சிலுவை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு இலை கூட இல்லை.

பக்கத்துக் கல்லறை ஒரு லேத் ஆபரேட்டரின் அம்மாவுடையது. அவர் காக்களூரில் வேலை செய்கிறார். வருஷத்தில் சுத்தம் செய்கிற ஞாயிறுக்கும் இந்தத் திருநாளுக்கும்தான் வருவார். எங்களைப் பார்த்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்தார்.

"அக்காவுக்கு ஒடம்பு செரியில்லன்னு கோயில் உபதேசியார் சொன்னாரு. அதான் உங்களுதையும் நானே பார்த்துட்டேன்ணா. ஒரே கோரையா கெடந்துச்சு. புள்ள மேல புதர் மண்டிக்கினு இருந்தா மனசு கேக்குமா?"

நான் அவரை நோக்கி ஒரு அடி வைத்தேன். என்ன சொல்லியிருப்பேனோ, என்ன செய்திருப்பேனோ தெரியாது. காய்ச்சல் சூடு இன்னும் போகாத ஒரு கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. அவள் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"வேரோடவா தம்பி வந்துச்சு?"

"சும்மா வருமாக்கா? கையால இழுத்துப் பார்த்தேன், அசையல. அப்பால கடப்பாற போட்டுத்தான் பேத்தேன். இன்னா புடி புடிச்சிக்கினு இருந்துச்சு தெரியுமா? அந்தப் புடிய நான் எதுலயும் பார்த்ததில்ல. கொஞ்சம் வுட்டாலும் மறுபடியும் மொளைக்கும்னு, ஒரு துணுக்கு வுடாம பொறுக்கி எடுத்துட்டேன்."

அவர் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. அதை எங்களுக்குக் காட்டவில்லை, நானாகத்தான் பார்த்தேன். என் பிள்ளைக்காகப் பட்ட கொப்புளம். அவரை அடிக்கவும் முடியாது, கும்பிடவும் முடியாது.

"நல்லா இருக்குது தம்பி" என்றாள் அவள். "நீ நல்லா இருக்கணும்." தன் பையிலிருந்த மெழுகுவத்தியில் ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்து, "அம்மாவுக்கு என் பேர்ல ஏத்து" என்றாள்.

அவர் போன பிறகு நான் சுவர் ஓரம் குப்பை குவித்த இடத்துக்கு ஓடினேன். எல்லாவற்றையும் கொளுத்தியிருந்தார்கள். காலால் கிளறினேன், பிறகு கையால் கிளறினேன். சாம்பலும் பாதி வெந்த செவ்வந்திக் காம்பும்தான் இருந்தது. கரியாகிப் போன ஒரு முண்டு கிடைத்தது. அது கிழங்கா, விறகா என்று கூடத் தெரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, யூனிஃபார்ம் இல்லாத நாளில் நான் யார் என்று தெரியாதவன் போல நின்றிருந்தேன். உள்ளே ஃபாதர் ஒவ்வொரு கல்லறைக்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்தார் என்று யாரோ யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொடுத்தவர் எடுத்ததை நான் எப்படியோ விழுங்கிவிட்டேன். இதை விழுங்க முடியவில்லை. இதற்கு யாரைப் பொறுப்பு என்று சொல்வது?

பையனுக்கு போன் செய்தேன். அவனை மலையிலிருந்து ராஜஸ்தான் பக்கம் மாற்றியிருந்தார்கள். யாரிடமாவது சொல்லி வாங்கித் தருகிறேன், அடுத்த கோடைக்குப் பிறகுதான் தோண்ட முடியும் என்றான். அவளிடம் சொன்னேன். அதற்குள் மழை ஆரம்பித்துவிட்டது. புதிதாகக் குவித்த மண் என்பதால் போன வருஷத்தை விட வேகமாகக் கரைந்தது. இந்தத் தடவை அவள் பாண்டை எடுக்கவில்லை. வேலைக்குப் போவாள், வருவாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அடுத்த வருஷம் புதுக் கிழங்கு நடலாம் என்று ஒரு நாள் மறுபடியும் சொன்னேன்.

"வாணாம். அத்த நட்டுட்டு, தெனம் இன்னைக்கி யார் வருவாங்களோன்னு பயந்துக்கினு என்னால இருக்க முடியாது" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, "சிமெண்டே போட்டுடுங்க" என்றாள்.

மழை இடைவெளி விட்ட ஒரு வாரத்தில் கொத்தனாரை வரச் சொன்னேன். அவளை வரவேண்டாம் என்றேன், வந்தாள். கொத்தனார் நாலு பக்கமும் பலகை அடித்து, கலவையைக் குழைத்து வைத்துவிட்டு, எவ்வளவு கனம் போடலாம் என்று கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் மனசு எனக்குத் தெரியும். கொத்தனாரைத் தனியாக அழைத்து, மேலாப்பில் மெல்லிசாகப் போட்டால் போதும், வெடித்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொன்னேன்.

அவளுக்குக் கேட்டுவிட்டது.

"மெல்லிசா வாணாம்ணா" என்று கொத்தனாரிடம் சொன்னாள். "கெட்டியா போடு. எவ்ளோ கனமா போட முடியுமோ போடு. இனிமே நல்லவங்க கை கூட அவன் மேல படக் கூடாது."

சொல்லிவிட்டு கேட் வரைக்கும் நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் பாண்டைத் தூக்கிக் கவிழ்த்தார். அவ்வளவு தூரத்துக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் முதல் பாண்டு விழுந்ததும் அவள் இரண்டு கையாலும் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.